நான் அழுத்தாத இரண்டு பொத்தான்கள்

நான் இப்போது வேலை பார்க்கும் கல்லூரியின் மலரில் பணி ஓய்வு பெற்றவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்களாம். அதற்குக் கட்டுரை கேட்டு மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேர் என் மேசைக்கு வந்து நின்றார்கள்.

"எனக்கு முப்பத்தெட்டுதான் ஆவுது. என்னப் போயி ரிட்டயர்டுங்கறீங்க?"

"நீங்க ஆவல மேம். உங்க வேல ரிட்டயர் ஆயிடுச்சுல்ல?" என்றாள் ஒருத்தி. மற்றவள் அவளை முழங்கையால் இடித்தாள்.

சொன்னது சரிதான். முடிந்த படத்தை மாஸ்டர் டேப்பில் ஏற்றும் வேலையை எட்டு வருடம் செய்தேன். இன்று அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை. படம் கோப்பாகப் போகிறது, கோப்பாக வருகிறது. டேப் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. பழசை நினைத்து ஏங்கும் கட்டுரை வேண்டுமானால் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். நான் செய்த ஒரு தப்பை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண்கள் கேட்டது ஒரு சாக்கு.

வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் படம் வெட்டி, ஒட்டி, முடிந்திருக்கும். சேனல்காரர்களுக்கு அது எச்.டி டேப்பில் வேண்டும். டெக் என்கிற பதிவு இயந்திரத்தோடு கம்ப்யூட்டரை இணைத்து, இங்கே ஓட்டி அங்கே பதிய வேண்டும். ஐம்பத்திரண்டு நிமிடப் படம் ஏற ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகும். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ஐம்பத்தொன்றில் முடியாது. நானோ லாஸ்பேட்டையில் படித்துக்கொண்டிருந்தபோதே எந்த மென்பொருள் புதிதாக வந்தாலும் அன்றைக்கே இறக்கி, அதன் குறுக்குவழிகளை எல்லாம் மனப்பாடம் செய்தவள். பரீட்சைத் தாளை முதலில் கொடுத்துவிட்டு வெளியே வருகிறவள். இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். டெக்கின் முகப்பில் எரிந்த விளக்குகளைப் பார்த்து மயங்கி வந்தேன், அவ்வளவுதான். முதல் வருடம் கேபிள் சுற்றினேன். இரண்டாம் வருடம் லேபிள் எழுதினேன். மூன்றாம் வருடம் பொத்தானைத் தொட விட்டார்கள்.

விட்டவர் முசியே. அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் தபால்காரர்கூட, பிரெஞ்சில் 'ஐயா' என்பதுபோல, 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். பிரான்சில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் டேப் பிரிவில் காலமெல்லாம் உழைத்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். வரும்போது பழைய எச்.டி டெக் ஒன்றையும் கப்பலில் கொண்டுவந்தார். குருசுக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, அவர் வீட்டின் கீழ்த்தளம்தான் எங்கள் ஸ்டுடியோ. கடல் காற்று டெக்குக்கு ஆகாது. ஈரம் ஏறினால் முகப்பில் ஒரு விளக்கு எரியும். அதன்பிறகு எந்தப் பொத்தானுக்கும் மசியாது. அதனால் மிஷின் அறையில் ஏசி ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் மடித்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன ஒரே புதுச்சேரிப் பெண் நானாகத்தான் இருப்பேன்.

முசியே யாரையும் திட்ட மாட்டார். திட்ட வேண்டிய இடத்தில் 'போன்' என்பார். பிரெஞ்சில் அதற்கு 'சரி' என்று பொருள். அவர் வாயில் அதற்குப் பல பொருள். சட்டைப் பையில் இரண்டு பேனா: லேபிளுக்குக் கறுப்பு, கையெழுத்துக்குச் சிவப்பு. டேப் ஓடும்போது எல்லாருடைய செல்போனும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போக வேண்டும். மௌஸில் கை வைக்கக் கூடாது. நான் உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். என்னை அவர் 'மத்மசேல்' என்பார், கல்யாணமாகாத பெண்ணை மரியாதையாகக் கூப்பிடும் பிரெஞ்சுச் சொல்.

"மத்மசேல், பஸ்ஸு புடிக்கணுமா?"

"ஸ்கூட்டர்லதான் வந்தேன் முசியே."

"அப்ப அது உங்கள விட்டுட்டுப் போவாது. கால நிறுத்துங்க."

முதலில் புது டேப்பைக் கறுப்படிப்போம். அதாவது டேப் முழுக்கக் கறுப்புப் படத்தையும் அறுபடாத டைம்கோடையும் பதிவது. டைம்கோடு என்பது ஒவ்வொரு ஃபிரேமுக்குமான முகவரி. நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம், இருபத்தைந்து முகவரி. அடுத்து வண்ணப் பட்டைகள், காதைத் துளைக்கும் ஒரே ஸ்தாயி ஒலி, படத்தின் பெயரட்டை, கொஞ்சம் கறுப்பு. டேப்பின் கணக்கில் சரியாகப் பத்து மணி, பூஜ்யம் நிமிடம், பூஜ்யம் நொடி, பூஜ்யம் ஃபிரேமில் படம் தொடங்க வேண்டும். ஒரு ஃபிரேம் தள்ளினால் திரும்பி வரும்.

டெக்கின் முகப்பில் விரல்நுனி அகலத்தில் ஐந்து பொத்தான்கள். முதலாவது படத்துக்கு. மற்ற நான்கும் ஒலித் தடங்களுக்கு: ஏ-ஒன்று முதல் ஏ-நான்கு வரை. எந்தப் பொத்தான் எரிகிறதோ அந்தத் தடத்தில் மட்டும் புதிது பதியும். எரியாத தடத்தில் பழையது அப்படியே கிடக்கும். இது ஒரு வரம். படம் முழுவதையும் மறுபடி ஏற்றாமல், தேவையான இடத்தில் தேவையானதை மட்டும் சொருகலாம்.

ஒன்றிலும் இரண்டிலும் முழு ஒலி இருக்கும்: பேட்டி, வர்ணனை, இசை எல்லாம். மூன்றிலும் நான்கிலும் வர்ணனை மட்டும் இருக்காது. வெளிநாட்டுச் சேனல் அந்த இரண்டைத்தான் எடுத்து, தன் மொழியில் வர்ணனையை அதன்மேல் ஏற்றிக்கொள்ளும். இங்கே நாம் யாரும் அந்த இரண்டைக் கேட்பதே இல்லை.

முசியேவின் விதி ஒன்றுண்டு. ஏற்றியபிறகு டேப்பை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை கேட்க வேண்டும். ஒரு தடவை ஒன்றும் இரண்டும்; மறு தடவை மூன்றும் நான்கும். நடுவில் வேகமாக ஓட்டித் தாண்டுவது கிடையாது. ஒரே ஒரு நொடியைத் திருத்தினாலும் மறுபடி முதலிலிருந்து இரண்டு தடவை. கேட்டவர் ஒரு தாளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவார். முசியே அந்தத் தாளை 'ஃபீஷ்' என்பார். கீழே அவருடைய சிவப்புக் கையெழுத்து. பிறகுதான் கேசட்டின் முதுகில் இருக்கும் சிவப்புத் தாழ்ப்பாளை நகத்தால் தள்ளி, இனி யாரும் அதில் பதிய முடியாதபடி பூட்டுவார்.

என் தலைக்கனம் தொடங்கிய நாளையும் சொல்ல வேண்டும். மீன்பிடித் துறைமுகம் பற்றிய படம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் கரண்ட் போய், யூபிஎஸ் ஒரு இமைப்பொழுது தடுமாறி, ஒரு ஃபிரேம் தவறியது. மென்பொருள் அப்படியே நின்றது. மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்றினால் அன்றைய கூரியர் தவறிவிடும். நான் முப்பத்தெட்டாம் நிமிடத்தில் காட்சி மாறும் ஒரு இடத்தைப் பிடித்தேன். ஐந்து பொத்தான்களையும் எரியவிட்டேன். டேப் ஐந்து நொடி பின்னால் போய், திரும்பி ஓடிவந்து, அந்த ஒரே ஃபிரேமில் விழுந்து பதிய ஆரம்பித்தது. முசியே கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த இணைப்பை ஆறு தடவை பார்த்தார். தையல் தெரியவில்லை.

"போன்," என்றார்.

அந்த ஒரு 'போன்' நிஜமாகவே 'சரி' என்ற பொருளில் வந்தது. அன்று முதல் சொருகும் வேலையெல்லாம் என்னிடம்தான். ஆனாலும் கூரியருக்குக் கொடுக்கும் முன் அவர் என்னை உட்காரவைத்து, டேப்பை இரண்டு தடவை முழுசாகக் கேட்கவைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. தப்பில்லை என்று தெரிந்தபிறகு எதற்குக் கேட்க வேண்டும்?

ஆறாவது வருடம் கதிர் அண்ணா அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். வில்லியனூர்க்காரர். ஆவணப்படம் எடுப்பவர். பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் மறுகேள்வி கேட்காமல் பெண் கொடுத்த வீடுகள் இந்த ஊரில் ஏராளம். அப்படிக் கல்யாணமாகிப் போய், வாழ முடியாமல் திரும்பிவந்த மூன்று பெண்களைப் பற்றிய படம். பிரான்சில் ஒரு சேனல் வாங்கியிருந்தது.

மூவரில் ஒருவரை நான் அக்கா என்றுதான் எழுதப்போகிறேன். பெயர் எழுத மாட்டேன். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

முத்தியால்பேட்டையில் தங்கை வீட்டில் இருந்து தையல் தைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் அங்கே குடும்பம் நடத்தியவர். கணவர் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார். பாஸ்போர்ட் அவர் அலமாரியில். அப்பா செத்துப்போனபோது காரியத்துக்கு அனுப்பிவைத்தார், தனியாக. திரும்பிவர டிக்கெட் வரவில்லை. ஆறு வயது மகள் அங்கேயே நின்றுவிட்டாள். இதையெல்லாம் அக்கா கேமராவின் முன் சொல்லியிருந்தார். முகம் இருட்டில் இருந்தது. ஜன்னலும், மடியில் ஒரு கையும் மட்டும் தெரியும். ஐந்து இடங்களில், மொத்தம் பதினொரு நிமிடம்.

டேப் ஏற்றி, இரண்டு தடவையும் கேட்டு முடித்தாகிவிட்டது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கூரியர். கூரியர் வரும் அந்த நாள் காலையில் கதிர் அண்ணா அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அனுப்பும் முன் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். ஏற்றும் முன்பே காட்டியிருக்க வேண்டும். அது அவர் தப்பு. அவருடையது அந்த ஒன்றுதான்.

முதல் துண்டு ஓடியதுமே அக்கா, "நிறுத்துமா," என்றார்.

"மூஞ்சி தெரியலையே அக்கா. வெறும் இருட்டுதான்," என்றார் கதிர் அண்ணா.

"மூஞ்சி இருட்டு. கொரலு?"

"அங்க உங்க கொரலு மேல பிரெஞ்சுல பேசிடுவாங்க."

"ஒம்போது வருசம் அந்த ஊட்ல இருந்தவ நான். நான் இருமுனாலே யாருன்னு தெரியும் அவருக்கு. இதுல எம் பொண்ணு பேர வேற சொல்லித் தொலச்சிருக்கேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். கதிர் அண்ணாவையும் கதவோரம் நின்ற முசியேவையும்விட என்னிடம் சொல்வது சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு போன் வரும்மா. அங்க மத்தியான சாப்பாட்டுக்கு மின்ன. பத்து நிமிசம் குடுப்பாரு. இஸ்கூல்ல இன்னா வரைஞ்சான்னு சொல்லுவா. பல்லு வுழுந்தத சொன்னா போன வாரம். வெளில வாயத் தொறந்தன்னு தெரிஞ்சா அதுவும் கெடையாதுன்னு சொல்லித்தான் அனுப்பிச்சாரு."

"அப்ப உங்க பேட்டியையே எடுத்துடறேன்," என்றார் கதிர் அண்ணா.

அக்கா தலையாட்டி மறுத்தார். "எடுக்காத. என் தங்கச்சி பொண்ணுக்கு அங்கேர்ந்துதான் வரன் பாக்கறாங்க. அவங்க காதுல வுழணும். கொரல மட்டும் மாத்து. பேர எடு."

"மாத்திடலாம்க்கா," என்றேன் நான், யாரும் கேட்காமலே. "என் கையாலதான் டேப்பு போவுது. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவியா?"

"நான் பாத்துக்கறேன்."

ஒலிக்கலவை செய்பவர் பன்னிரண்டு மணிக்குள் குரலைத் தடிமனாக்கி, மகளின் பெயர் வரும் இடத்தில் தெருச் சத்தத்தை நிரப்பி, ஐந்து துண்டுகளையும் அனுப்பிவிட்டார். முழு ஒலிக்கலவை, இரண்டு தடம். முசியே பன்னிரண்டரைக்குச் சாப்பிட மாடிக்குப் போனார். நான் உட்கார்ந்தேன். படத்தில் மாற்றமில்லை, எனவே முதல் பொத்தான் தேவையில்லை. ஏ-ஒன்று, ஏ-இரண்டு: எரியவிட்டேன். ஐந்து இடங்கள், ஐந்து சொருகல்கள். ஒவ்வொன்றும் ஃபிரேம் பிசகாமல் விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன். அப்போது என் கைகளைப் பார்த்திருந்தால் நீங்களும் மெச்சியிருப்பீர்கள்.

ஒன்றையும் இரண்டையும் முழுசாகக் கேட்டேன். அக்காவின் குரல் யாரோ ஒரு ஆளின் குரலாக மாறியிருந்தது. திருப்தியாக இருந்தது.

நேரம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. நேரம் இருந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. மூன்றையும் நான்கையும் நேற்றுத்தான் முழுசாகக் கேட்டிருந்தேன். அவற்றை இன்று யாரும் தொடவில்லை. தொடாததில் தப்பு எப்படி வரும் என்று நினைத்தேன். தொடாததுதான் தப்பு என்பது தோன்றவே இல்லை. வர்ணனைதான் அவற்றில் இருக்காதே தவிர பேட்டி இருக்கும். அக்காவின் சொந்தக் குரலில், மகளின் பெயரோடு. இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. முதல் நாள் இதே காதால் கேட்டதுதான்.

பாதுகாப்புப் பிரதிக்காக டேப்பைக் கம்ப்யூட்டரில் இறக்க ஓடவிட்டேன். நான்கு தடங்களும் என் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஹெட்போன் கொக்கியில் தொங்கியது. பக்கத்துக் கம்ப்யூட்டரில், வண்ணம் திருத்தும் புது மென்பொருள் ஒன்றின் சோதனைப் பதிப்பை இறக்கிவைத்திருந்தேன். அதில் விளையாடிக்கொண்டிருந்தேன். இடையில் புது ஃபீஷில் எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

நாலரைக்கு முசியே சிவப்புப் பேனாவோடு வந்தார். ஃபீஷைக் கையில் எடுத்தார்.

"மூணு, நாலு?"

"கேட்டாச்சு முசியே."

அது பொய்யில்லை. கேட்டிருந்தேன், முந்தின நாள். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நகத்தால் தாழ்ப்பாளைத் தள்ளினார். சின்னதாக ஒரு 'டிக்'.

இரண்டு வாரத்தில் சேனலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தொழில்நுட்பப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லாமல் டேப் ஏற்கப்பட்டது. முசியே அதை அச்சடித்து மிஷின் அறைக் கதவில் ஒட்டினார். பேக்கரியிலிருந்து எல்லாருக்கும் பப்ஸ் வந்தது. நான் இரண்டு சாப்பிட்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அக்கா தனியாக வந்தார். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், செல்போனை மேசைமேல் வைத்தார்.

"அவரு அனுப்புனாரு. ஒரு வார்த்த எழுதல. இது மட்டும்."

டிவியைச் செல்போனால் படம்பிடித்த பதினைந்து நொடி. ஜன்னல், இருட்டு, மடியில் ஒரு கை. பேட்டிமேல் வேறு மொழிக் குரலை ஏற்றும்போது ஒரு வழக்கம் உண்டு: மூலக் குரலை முதல் இரண்டு நொடி தனியாகக் கேட்கவிடுவார்கள், இது உண்மையான ஆள் என்று தெரிவதற்காக, பிறகு அதைத் தணித்து, மேலே தங்கள் மொழியை ஏற்றுவார்கள். அந்த இரண்டு நொடியில் அக்காவின் குரல், தெளிவாக, "எம் பொண்ணு" என்றது, பெயரைச் சொன்னது. பிறகு ஒரு பிரெஞ்சுப் பெண் பேச ஆரம்பித்தாள்.

"ரெண்டு ஞாயிறா போன் வரல. நான் அடிச்சா போவ மாட்டேங்குது. இது என் கொரலுதான?"

முசியே அலமாரியைத் திறந்து எங்கள் ஃபீஷை எடுத்தார். நின்றபடியே படித்தார். அவர் கண் எந்த வரியில் நின்றது என்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அதை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

"மதாம், நாங்க கொரல மாத்தித்தான் அனுப்பினோம். கேளுங்க," என்று பாதுகாப்புப் பிரதியைத் திறந்து ஒன்றையும் இரண்டையும் ஓட்டினார். தடித்த குரல் பேசியது. பெயர் இருந்த இடத்தில் ஒரு ஆட்டோ போனது. "பாத்தீங்களா? அங்க டப்பிங் பண்றவங்க செஞ்ச தப்பு. பழைய காப்பி எதையோ எடுத்துட்டாங்க."

அக்கா அவரைப் பார்க்கவில்லை.

"அப்படியாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

என் தலை ஆடியது. ஆட்டினேன் என்று எழுதுவதுதான் சரி. ஆட்டினேன்.

அவர் போனபிறகு முசியே மூன்றையும் நான்கையும் திறந்தார். நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம், அந்த முதல் வாக்கியம் வரைக்கும். நிறுத்திவிட்டார்.

"டேப்புல தப்பு இல்ல. அந்தத் தடத்துல இன்னா இருக்கணுமோ அது இருக்குது. அவங்களே ஏத்துக்கினாங்க," என்று கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பிறகு, "நான் கேட்டப்ப கேட்டாச்சுன்னு சொன்னீங்க."

"முந்தின நாளு கேட்டேன் முசியே."

அவர் 'போன்' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னை 'மத்மசேல்' என்றும் கூப்பிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப்பிறகு முதல்முறையாக, நிவேதா என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். கதவிலிருந்த தாளைப் பிறகு யார் கிழித்தார்கள் என்று தெரியாது.

அக்கா கதிர் அண்ணாவை வீட்டுக்குள் விடவில்லை. காட்டுகிறேன் என்றவனும் அவன்தான், சேனலுக்கு விற்றவனும் அவன்தான் என்பது அக்காவின் கணக்கு. கதிர் அண்ணா சேனலுக்கு எழுதிக் கேட்டார். வந்த தடங்களைத்தான் பயன்படுத்தினோம் என்று பதில் வந்தது. ஒரு நாள் என்னை வாசலில் மறித்தார்.

"நிவே, மூணு நாலுல இன்னா இருந்துச்சு?"

"முசியேவக் கேளுங்கண்ணா."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு எங்களிடம் படம் கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து டேப் கேட்கும் சேனல்கள் நின்றுபோயின. டெக் போயிற்று. முசியே மகனோடு இருக்க பிரான்சுக்கே கிளம்பினார். இப்போது அவர் உயிரோடு இல்லை. அறையைக் காலி செய்தபோது ஃபீஷ்கள் எல்லாம் பழைய பேப்பர் மூட்டையில் கிடந்தன. கை தானாகத் தேடியது. மூன்றும் நான்கும் என்ற கட்டத்தில் என் டிக். கீழே என் கையெழுத்து, அதன் கீழே சிவப்பு. அதை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தேன். முத்தியால்பேட்டைக்குப் போக எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. குருசுக்குப்பத்திலிருந்து அது ஐந்து நிமிட வழி.

அக்கா தையல் மிஷினை நிறுத்தவில்லை. நான் தாளை நீட்டியபிறகுதான் நிறுத்தினார். ஃபீஷ் பிரெஞ்சில் இருந்தது. ஒன்பது வருடம் அங்கே இருந்தவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும். நான் தயார் செய்துகொண்டு போன வாக்கியங்கள் ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. அவரே மேலிருந்து கீழே படித்தார். தேதியைப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து உன்துதான?"

"ஆமாக்கா."

"கேட்டேன்னு போட்டுக்கீற."

"கேக்கலக்கா. அந்த மூணு, நாலுல உங்க சொந்தக் கொரலே போயிடுச்சு. முந்தின நாளு கேட்டத வச்சி போட்டுட்டேன். நேரம் இருந்துச்சு. கேக்கல."

"இந்த ரெண்டு வருசமா அந்தப் பையன் இங்க நடையா நடந்தான். கதவு சாத்தி அனுப்புனேன்." தாளை மடித்து மிஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா எம் பொண்ணு வந்துட மாட்டா. ஆனா நான் அவன்கிட்ட அப்டி பேசியிருக்க மாட்டேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அதெல்லாம் வேணாம். ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு வா."

"எதுக்குக்கா?"

"வான்னா வா."

போனேன். கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் செல்போன், முகம் மேலே பார்க்க. தங்கை வீட்டார் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மின்விசிறியைக்கூட அக்கா குறைத்து வைத்திருந்தார். நாலு மணிக்கு உட்கார்ந்தோம். மகளின் அழைப்புக்காகக் கூடவே காத்திருக்கத்தான் கூப்பிட்டார் என்று எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது. எழுந்துகொள்ளலாம் என்று பத்தாவது நிமிடத்தில் தோன்றியது. கால் தானாக ஆட ஆரம்பித்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன். போன் அடிக்கவில்லை. ஐந்து மணிக்கு அக்கா அதை எடுத்துச் சார்ஜரில் போட்டார். "டீ சாப்புடுறியா?" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நாலு மணிக்குப் போகிறேன். அந்த வீட்டில் போன் மூன்று முறை மாறிவிட்டது. நம்பர் மாறவில்லை. அழைப்பு இன்றுவரை வரவில்லை.

கதிர் அண்ணாவிடமும் சொன்னேன். "எனக்குத் தெரியும் நிவே," என்றார். அவ்வளவுதான். அக்கா வீட்டுக்கு அவர் மறுபடி போனாரா என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கட்டுரையை எழுதி எடுத்துக்கொண்டு மூன்றரைக்கே போனேன். அச்சுக்குப் போகும் முன் அவருக்கு ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்ட வேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன். அக்கா தைத்துக்கொண்டே கேட்டார். ஓரிடத்தில் தன்னைப் பற்றிப் 'பாவம்' என்று எழுதியிருந்ததை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். முத்தியால்பேட்டை என்று போட்டது பரவாயில்லையா என்று கேட்டேன். "அவருக்குத் தெரியாத வூடா?" என்றார்.

அவர் செல்போனை மேசைமேல் வைத்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா கையைத் தூக்கினார். நிமிர்ந்து பார்த்தேன். மணி நாலு.

தாள்களை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா மிஷினிலிருந்து எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். நான் எதையும் தவறவிடாமல் கேட்டேன்.

ஐந்து மணிக்கு அக்கா போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு வந்தார்.

"ம், மீதியப் படி," என்றார்.